இரண்டு தடவை வெல்டிங் போட்ட கார்

தம்பி,

போன ஞாயிற்றுக்கிழமை நீ போனில் கேட்டதற்கு, "எனக்கென்னப்பா தெரியும்" என்று சொல்லிவிட்டேன். பொய். எனக்குத் தெரியும். என்னைத் தவிர இன்றைக்கு அது வேறு யாருக்கும் தெரியாது. பக்கத்து வீட்டு அக்கா கூடத்தில் உட்கார்ந்திருந்தது ஒரு காரணம். ஆனால் வீட்டில் யாருமே இல்லாமல் இருந்திருந்தாலும் அதை என் வாயால் சொல்லியிருக்க மாட்டேன். அதனால்தான் எழுத உட்கார்ந்தேன். தையல் மெஷினை மூடி, அதன் மேல் தாளை வைத்து எழுதுகிறேன். எழுத்து கொஞ்சம் சாய்ந்திருக்கும், பொறுத்துக்கொள்.

உன் அப்பாவின் காரைக் கோலாலம்பூரில் ஒரு ஒர்க்‌ஷாப்பில் விட்டிருக்கிறாய். கல்யாணத்தன்று கோயிலிலிருந்து நீயும் புனிதாவும் அதில்தான் வர வேண்டும் என்று உனக்கு ஆசை. மெக்கானிக் அடியில் படுத்துப் பார்த்துவிட்டு எழுந்து வந்து கேட்டானாம்: "அண்ணே, ஒவ்வொரு ஜாயிண்ட்லயும் வெல்டிங் போட்டு, அத முழுசா அறுத்து எடுத்துட்டு, மறுபடியும் போட்டிருக்காங்க. இவ்ளோ வேலைய யாருண்ணே ரெண்டு தடவ செய்வா? பெரிய எக்சிடண்ட் ஏதும் ஆச்சா?" உனக்குப் பதில் தெரியவில்லை. நீ கோலாலம்பூருக்கு வேலைக்குப் போன பிறகுதான் இரண்டாவது தடவை நடந்தது. முதல் தடவை நடந்தபோது நீ சின்னப்பிள்ளை, ஞாயிற்றுக்கிழமையானால் திடலில் பந்து விளையாடப் போய்விடுவாய்.

அந்தக் கார் நம் வீட்டுக்கு வந்தபோது உனக்குப் பத்து வயது. ஓர் எஸ்டேட்டின் சின்னத்துரை, இளவயசு வெள்ளைக்காரர், அதை ஓட்டிக்கொண்டு போய்ப் பெரிய கால்வாயில் உருட்டிவிட்டார். அப்பா வேலை செய்த ஒர்க்‌ஷாப்புக்குத்தான் இழுத்து வந்தார்கள். சரிசெய்வதற்குள் அவர் சீமைக்குத் திரும்பிவிட்டார். பல மாதம் வெயிலிலும் மழையிலும் கிடந்தது. ஒருநாள் தவுக்கே, அதுதான் அப்பாவின் சீன முதலாளி, "மணியம், இது இடத்த அடைக்குது. நீ எடுத்துட்டுப் போ லா" என்று சொல்லிவிட்டார். இரண்டு கதவு, நீளமான மூக்கு, தாழ்ந்த கூரை. சிவப்புப் பெயிண்ட் வெளுத்து, ஊறின குங்குமம் போல இருந்தது. ஈப்போ புந்தோங்கில் நம் வீட்டை ஒட்டி அப்பா தகரத்தில் ஒரு கொட்டகை போட்டு அதை உள்ளே நிறுத்தினார். எஸ்டேட்டில் பிறந்து, தோட்டத்துப் பள்ளியில் ஆறாவது வரை படித்த மனிதர். அந்தக் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டால் அவர் நடையே வேறு மாதிரி ஆகிவிடும். உனக்கு அது ஞாபகம் இருக்கிறதா? எனக்கு இப்போதும் அந்த நடைதான் முதலில் ஞாபகம் வருகிறது. முகம் அதற்கப்புறம்தான்.

அப்பாவின் கண்ணைப் பற்றி உனக்குச் சொல்ல வேண்டும். நீ வளர்ந்து பார்த்த அப்பா வேறு. நான் கல்யாணம் செய்துகொண்டவர், தெருவில் நடந்து போகும்போதே யார் வீட்டு கேட்டையாவது பார்த்து, "அரை இஞ்சு சரிஞ்சிருக்கு" என்பார். நான் நம்ப மாட்டேன். ஒரு தடவை அந்த வீட்டுக்காரரிடம் கேட்டு டேப் வைத்தே பார்த்தோம். அரை இஞ்சு. ஒர்க்‌ஷாப்பில் லாரிச் சட்டம் வளைந்திருந்தால் மற்றவர்கள் அளப்பதற்கு முன்பே அவரைக் கூப்பிட்டு நிற்க வைப்பார்கள்.

இன்ஜினைச் சரிசெய்ய அவருக்கு ஒரு வருடம் ஆனது. ஈப்போவில் அப்போது ஒரு மோட்டார் கிளப் இருந்தது. வருடத்தில் ஓரிரு தடவை மலைப்பாதையின் ஒரு துண்டை அடைத்து, ஒவ்வொரு காராக மேலே ஓட விட்டு நேரம் பார்ப்பார்கள். டாக்டர்கள், சுரங்கக்காரர்களின் பிள்ளைகள், தோட்டத்துத் துரைமார்கள். அதற்கு நடுவே அப்பா, ஒர்க்‌ஷாப் சட்டையோடு. கடைசிக்கு முந்தின இடம் வந்தார். அவருக்கு வருத்தம் இல்லை, குழப்பம்தான். "இன்ஜின் நல்லா இழுக்குதும்மா. ஆனா வளைவுல திருப்புனா முன்னால ஒரு காரு, பின்னால ஒரு காரு போற மாதிரி இருக்கு" என்றார்.

மறுநாள் என்னைக் கொட்டகைக்குக் கூப்பிட்டார். முன்சக்கரத்துக்குப் பக்கத்தில் ஜாக்கை வைத்து ஒரு மூலையை மட்டும் தூக்கினார். "கதவத் திற" என்றார். இழுத்தேன், வரவில்லை. ஜாக்கை இறக்கினார். "இப்ப திற." திறந்தது. அவருக்கு அப்படியொரு சிரிப்பு. "பாத்தியா? இந்த மாதிரி காருக்குத் தனியா சேஸிஸ்னு ஒரு அடிச்சட்டம் கிடையாது. உடம்பேதான் சேஸிஸ். தகடும் தகடும் சேர்ற எடத்துல பொட்டுப் பொட்டாத்தான் ஒட்டியிருக்கும். கால்வாயில உருண்டதுல பாதிப் பொட்டு விட்டுப்போச்சு. ஒரு மூலையத் தூக்குனா மொத்த உடம்பும் முறுக்கிக்குது." எனக்கு அது உடனே புரிந்தது. கையால் நூலோட்டு மட்டும் போட்ட ரவிக்கையைப் போட்டுக்கொண்டு கையைத் தூக்கினால் எப்படி இழுக்குமோ அப்படி. அதைச் சொன்னேன். "அதேதான்! நாம மெஷின் தையல் போடப் போறோம்" என்றார். நாம என்று சொன்னார், தம்பி.

அதற்கப்புறம் நாலைந்து மாதம் ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அந்தக் கொட்டகையில்தான். சீட்டு, கண்ணாடி, இன்ஜின், சக்கரம் எல்லாவற்றையும் கழற்றி, பெயிண்டைச் சுரண்டி, வெறும் தகடாக நிறுத்தினார். கதவுக்குக் கீழே ஓடும் பெட்டிக்குள் நுழைக்க இரும்புச் சட்டம் வெட்டினார். முன்பக்கம் ஸ்பிரிங் உட்காரும் இரண்டு மேடுகளையும் இணைக்க ஒரு குறுக்குக் கம்பி. கூரையை ஒட்டி உள்ளே வளைந்து போகும் பைப். பைப்பை வளைக்க மணலை அடைத்துச் சூடு காட்டுவார். நான் மண்ணெண்ணெய்த் துணியால் ஒவ்வொரு இணைப்பையும் துடைப்பேன். பேசிக்கொண்டே துடைப்போம். எதைப் பேசினோம் என்று கேட்டால் சொல்லத் தெரியவில்லை. பதினொரு மணிக்கு வெளியே வந்து கோப்பி குடிப்போம், மறுபடியும் உள்ளே போவோம். என் வாழ்க்கையில் ஏதாவது ஒரு காலத்தைத் திருப்பித் தருகிறோம் என்று யாராவது சொன்னால், உன்னைப் பெற்ற காலத்தைக்கூடக் கேட்க மாட்டேன், கோபித்துக்கொள்ளாதே. அந்த ஞாயிற்றுக்கிழமைகளைத்தான் கேட்பேன்.

வெல்டிங் போடுவதற்கு முன் காரை மட்டமாக நிறுத்த வேண்டும். "போடும்போது எப்படி நிக்குதோ அப்படியேதான் கடைசி வரைக்கும் நிக்கும். கோணலா நின்னா கோணலாவே இறுகிப்போயிடும்" என்று பலதடவை சொல்லியிருக்கிறார். நாலு மூலையிலும் பழைய ரயில் கட்டைகளை அடுக்கி அதன் மேல் தூக்கி வைத்தார். மட்டம் பார்க்க, வீடு கட்டுகிறவர்கள் செய்வது போல, கண்ணாடி மாதிரியான ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பினார். ஒரு முனையை அவர் முன்பக்கத்து மூலையில் பிடிப்பார், மறுமுனையை நான் பின்பக்கத்து மூலையில் பிடிப்பேன். இரண்டு பக்கமும் அவர் போட்ட கோட்டில் தண்ணீர் நின்றால் மட்டம். அவர் நிற்கும் இடத்திலிருந்து என் பக்கத்துக் கோடு தெரியாது. "சரியா?" என்று கத்துவார். நான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

அந்தச் சமயத்தில்தான் உன் தாத்தா, என் அப்பா, இருந்த எஸ்டேட் கைமாறியது. தாப்பாவுக்குத் தெற்கே, நீ ஒருதடவை வந்திருக்கிறாய். புதிதாக வாங்கினவர்கள் ரப்பர் மரத்தை வெட்டிச் செம்பனை போட ஆரம்பித்தார்கள். தொழிலாளர் லயத்தில் பாதி வீடு காலி. என் அம்மா இறந்த பிறகு அவர் அங்கே தனியாகத்தான் இருந்தார். அவரைக் கூட்டிவந்து வைக்க நம் வீட்டில் இருந்த ஒரே இடம் அந்தக் கொட்டகை. சுவர் அடைத்தால் ஒரு அறை ஆகும். உன் அப்பாவிடம் சொன்னேன். மறுக்கவில்லை. "கூட்டிட்டு வரலாம். வெல்டிங் முடிஞ்சு, போட்டி முடியட்டும். ரெண்டே மாசம்" என்றார்.

"ரெண்டு மாசம் அந்த மனுஷன் தனியா கெடக்கணுமா? ஒரு காருக்காவ?"

"காருக்காவ இல்லம்மா. இப்ப எறக்குனா அஞ்சு மாச வேலை போச்சு."

அதற்கு மேல் நான் பேசவில்லை. பேசவில்லை என்றால் உண்மையிலேயே பேசவில்லை. சோறு போட்டேன், துணி துவைத்தேன், வாயைத் திறக்கவில்லை. நாலு நாள். எனக்கு அந்தப் பழக்கம் உண்டு, உனக்கும் உண்டு, அதனால்தான் இதை இவ்வளவு விவரமாக எழுதுகிறேன்.

ஐந்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. காஸ் சிலிண்டர் இரவல் வாங்கி வைத்திருந்தார். முந்தின நாள் நல்ல மழை. கொட்டகையில் அப்போது மண் தரைதான். "கடைசியா ஒரு தடவ தண்ணிய பாத்துருவோம்" என்று கூப்பிட்டார். குழாயைப் பிடித்துக்கொண்டு பின்பக்கத்து வலது மூலையில் உட்கார்ந்தேன். தண்ணீர் ஆடி ஆடி நின்றது. கோட்டுக்கு மேலே நின்றது. சுண்டுவிரல் கனம். கட்டை ஈர மண்ணில் இறங்கியிருந்தது, கண்ணாலேயே தெரிந்தது.

"சரியா?" என்று அவர் அந்தப் பக்கமிருந்து கேட்டார்.

சரியில்லை என்று சொன்னால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியும். எல்லாவற்றையும் இறக்கி, தரையை இறுக்கி, மறுபடி தூக்கி வைக்க இன்னும் இரண்டு வாரம். என் அப்பா இன்னும் இரண்டு வாரம் அங்கே இருப்பார். சுண்டுவிரல் கனம்தானே என்று நினைத்தேன். அதுவும் இருந்தது; இன்னொன்றும் இருந்தது. நாலு நாளுக்கு அப்புறம் நான் பேசும் முதல் வார்த்தை நீளமாக இருக்கக் கூடாது என்று எனக்கு ஒரு வீம்பு.

"சரி" என்றேன்.

மூன்று ஞாயிற்றுக்கிழமை வெல்டிங் போட்டார். ஒரு இஞ்சு போட்டு ஒரு இஞ்சு விட்டு, இந்தப் பக்கம் கொஞ்சம், எதிர்ப்பக்கம் கொஞ்சம், சூட்டில் தகடு இழுத்துக்கொள்ளாமல் இருக்க ஈரத்துணி வைத்து ஆற்றி ஆற்றி. அவ்வளவு அழகான கைவேலையை நான் எந்தத் துணியிலும் செய்ததில்லை. முடித்துவிட்டு ஜாக்கை வைத்து ஒரு மூலையைத் தூக்கினார். முன்சக்கரத்தோடு பின்சக்கரமும் சேர்ந்து எழுந்தது. கதவு பொத்தென்று திறந்து மூடியது. தவுக்கே வந்து பார்த்துவிட்டு முதுகில் தட்டினார். நானும் சிரித்தேன்.

போட்டி நாளில் நீயும் வந்திருந்தாய், உனக்குப் பதின்மூன்று. மலைமேல் நடந்ததை நாம் இருவருமே பார்க்கவில்லை, கீழே நின்றோம். இடது வளைவெல்லாம் தண்டவாளத்தில் போகிற மாதிரி போனதாம். ஒரு வலது வளைவில் பின்பக்கம் சொல்லாமல் கொள்ளாமல் வெளியே போய், கார் ஒரு சுற்றுச் சுற்றி மேட்டில் மோதியது. ஆளுக்குப் பெரிதாக ஒன்றுமில்லை, இடது மணிக்கட்டு முறிந்தது. அந்த மாவுக்கட்டின் மேல் நீ உன் பெயரை எழுதினாய். பிறகு யார் வந்து கேட்டாலும் அப்பா ஒன்றையே சொன்னார். "கோணலா வெல்டிங் போட்டுட்டேன். என் தப்புதான்." நான் கோப்பி கலக்கிக் கொண்டுவந்து வைப்பேன்.

அடுத்த வாரமே தார்ப்பாய் போட்டுக் காரை மூலையில் தள்ளிவிட்டு, மீதி இடத்தில் பலகை அடைத்து, கட்டுப் போட்ட கையோடு அவரே போய் உன் தாத்தாவைக் கூட்டிவந்தார். தாத்தா வந்து உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு என்னிடம் சொன்னதை எழுத எனக்கு இன்றைக்கும் கை வரவில்லை. "எதுக்கு ஆயா இவ்ளோ அவசரம்? வருஷக் கடைசி வரைக்கும் இருந்துக்கலாம்னு கிராணி சொல்லிட்டாரே. மாப்பிள்ள ஒடிஞ்ச கையோட அலையிறாரு." எஸ்டேட் குமாஸ்தாவான அந்தக் கிராணியிடம் போய்க் கேட்டுப் பார்க்க எனக்குத் தோன்றவே இல்லை.

தாத்தா மூன்று வருடம் நம்மோடு இருந்துவிட்டுப் போய்ச்சேர்ந்தார். அப்பா அவரைத் தன் தகப்பன் போலத்தான் பார்த்துக்கொண்டார். ஆனால் அப்பாவிடம் வேறொன்று போய்விட்டது. சட்டைப் பையில் டேப் வைத்துக்கொள்ள ஆரம்பித்தார். ஒரு தடவை அளந்ததை மூன்று தடவை அளப்பார். பிறகு கூட வேலை செய்கிறவரைக் கூப்பிட்டு, "நீ ஒருக்கா பாரு" என்பார். தெருவில் என்னோடு நடக்கும்போது கேட்டுகளைப் பார்ப்பதை விட்டுவிட்டார். நீ வளர்ந்தபோது பார்த்த, எதற்கும் பயந்து பயந்து கேட்கிற அப்பா, இந்த அப்பாதான். உன் பள்ளிக்கூடத்து மேசை ஒன்றைச் சரிசெய்யும்போது அவர் ஐந்து தடவை அளந்ததைப் பார்த்து நீ ஒருநாள் சலித்துக்கொண்டாய். உன் மேல் தப்பில்லை. எனக்குத்தான் அந்தச் சலிப்பு சுட்டது. அவரை அப்படி ஆக்கினது நான்.

உனக்குப் பதினெட்டு வயதானபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் தவுக்கே ஆரஞ்சுப் பழத்தோடு வீட்டுக்கு வந்தார். அவருக்கு வயதாகிவிட்டது. ஒர்க்‌ஷாப்பை அப்பா பார்த்துக்கொள்ள வேண்டும் என்றார். "மணியம், நீதான் ஹெட். எனக்கு வேற ஆள் வேணாம்."

அப்பா தலையைக் குனிந்துகொண்டார். "வேணாம் தவுக்கே. நான் பாத்து ஓக்கேன்னு சொன்னா லாரி ரோட்டுக்குப் போயிரும். என் கண்ண நானே நம்புறது இல்ல."

தவுக்கே என்னைப் பார்த்தார், நீயாவது சொல்லு என்பது போல. அவர் போனதும் நான் அப்பாவின் எதிரே போய் உட்கார்ந்தேன். குக்கரில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. ஐந்து வருடமாக மனதுக்குள் எத்தனையோ விதமாகச் சொல்லிப் பார்த்ததுதான், வாயில் வந்தது இவ்வளவுதான். "அன்னிக்குத் தண்ணி சரியா இல்லைங்க."

அவருக்குப் புரியவில்லை. "எந்தத் தண்ணி?"

"குழாய்த் தண்ணி. சுண்டுவிரல் கனம் மேல நின்னுச்சு. நான் சரின்னுட்டேன்."

அவர் அடுப்பை அணைத்துவிட்டு வந்து உட்கார்ந்தார். பிறகு, "ஏன்?" என்றார். என் அப்பாவைக் கூட்டிவர வேண்டும் என்ற அவசரம் என்றேன். வீம்பைப் பற்றியும் சொன்னேன். அவர் சத்தம் போடவில்லை. போட்டிருந்தால் எனக்கு நல்லது. "இல்லைன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அந்தக் காரு எக்கேடோ கெட்டுப் போவுதுன்னு வெளிய தள்ளிட்டு அன்னிக்கே போயி மாமாவ கூட்டிட்டு வந்திருப்பேனே" என்றார். எழுந்து போய்த் தார்ப்பாயை விலக்கிக் காரைப் பார்த்துக்கொண்டு நின்றார். சாயங்காலம் ஒரு பையில் துணி எடுத்துக்கொண்டு ஹுத்தான் மெலிந்தாங்கில் இருக்கும் உன் அத்தை வீட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார்.

"அப்பா வெளியூர் வேலைக்குப் போயிருக்கார்" என்று உன்னிடம் சொன்னேன். அதுவும் பொய்தான். பன்னிரண்டு நாள். பதின்மூன்றாம் நாள் நானே கிளம்பினேன். தெலுக் இந்தானில் இறங்கி வேறு பஸ் மாற வேண்டும். அப்போதுதான் ஊர்ப் பெயரை மாற்றியிருந்தார்கள், எனக்கு வாயில் தெலுக் ஆன்சன் என்றுதான் வந்தது. அத்தை என்னைப் பார்த்ததும் ஒன்றும் கேட்காமல் ஆற்றங்கரைப் பக்கம் கையைக் காட்டினார். அங்கே மீன் படகு ஒன்றின் இன்ஜின் தாங்கியை அப்பா வெல்டிங் போட்டுக்கொண்டிருந்தார். டேப் பக்கத்தில் இல்லை. நான் வந்து நிற்பது தெரிந்தும் கையில் இருந்ததை முடித்த பிறகுதான் கண்ணாடியைக் கழற்றினார்.

"தம்பி சாப்புட்டானா?" என்று கேட்டார்.

"சாப்புட்டான். நீங்க வாங்க."

"அஞ்சு வருஷம் இந்தக் கையப் பாத்துப் பாத்து நொந்து போயிட்டேன்மா. எங்க தப்பு பண்ணேன், எந்த எடத்துலன்னு. அத நெனச்சாத்தான் ஆத்திரமா வருது." கண்ணாடியைத் துணியில் துடைத்தார். "காரு போவட்டும். நீ எங்கிட்டப் பேசாம இருந்த நாலு நாளுல நானும் ஒரு வார்த்த கேக்கல பாரு. மாமா எப்படி இருக்காருன்னுகூட கேக்கல."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவர் கையுறையைக் கழற்றிக்கொண்டே சொன்னார்: "வாரேன். ஆனா அந்த வெல்டிங்க முழுசா அறுத்து எடுக்கணும். மறுபடி தூக்கி வச்சுப் போடணும். நீதான் தண்ணியப் பாக்கணும். வேற ஆள் வேணாம்."

நீ கோலாலம்பூருக்குப் போன மாதம்தான் ஆரம்பித்தோம். முதலில் பலகைச் சுவரைப் பிரித்துக் கொட்டகைக்குச் சிமெண்டுத் தரை போட்டார். பிறகு அவர் போட்ட ஒவ்வொரு இஞ்சையும் அவரே அறுத்தார். போடுவதைவிட அறுப்பது கஷ்டம், தகடு கிழியாமல் வர வேண்டும். ஆறு மாதம் ஆனது. மறுபடி கட்டைமேல் ஏற்றி, குழாயைப் பிடித்து, அந்தப் பக்கமிருந்து "சரியா?" என்று கேட்டார். பார்த்தேன். தண்ணீர் கோட்டுக்கு நூல் கனம் கீழே நின்றது.

"இல்ல" என்று கத்தினேன். எவ்வளவு சத்தமாகக் கத்தினேன் என்றால் பக்கத்து வீட்டு அக்கா ஜன்னலைத் திறந்து எட்டிப் பார்த்தார். அந்தப் பக்கம் அப்பா உட்கார்ந்து சிரிக்கும் சத்தம் கேட்டது. அவர் அப்படிச் சிரித்து ஐந்தாறு வருடம் ஆகியிருந்தது. அன்றைக்கு மட்டும் ஏழு தடவை "இல்ல" சொன்னேன். எட்டாவது தடவைதான் "சரி." அடுத்த வாரம் தவுக்கேயைப் பார்க்கப் போய் வேலையை ஏற்றுக்கொண்டார். அது உனக்குத் தெரியும். ஏன் திடீரென்று மனம் மாறினார் என்றுதான் உனக்குத் தெரியாது.

உன் மெக்கானிக்கிடம் என்ன சொல்வாயோ, அது உன் இஷ்டம். புனிதாவிடம் மட்டும் இதை முழுதாகப் படித்துக்காட்டு. நல்ல பெண். உன்னைவிட அதிகம் பேசுகிறாள், அது உனக்கு நல்லது. அவள் உன்னிடம் ஏதாவது கேட்டு, நீ கோபத்தில் இருந்து, பதில் ஒரே வார்த்தையில் முடிந்தால் போதும் என்று தோன்றும்போது, கொஞ்சம் பொறு. கோபத்தை அப்படியே வைத்துக்கொள், வேண்டுமானால் ஒரு வாரம் வைத்துக்கொள். ஆனால் பதிலைச் சரியாகச் சொல். நான் சொன்ன அந்த ஒரு "சரி"யை அறுத்து எடுக்க உன் அப்பாவுக்கு எத்தனை வருடம் ஆனது பார். அதே போல, அவள் பேசாமல் இருந்தால் நீ போய்க் கேள். கேட்காமல் விட்டதுதான் அவரை ஆற்றங்கரையில் வருத்தியது, கார் இல்லை.

முடிக்கும் முன் இன்னொன்று. கார் தயாரானதும் நாங்கள் இருவர் மட்டும் ஒரு சனிக்கிழமை காலை தாப்பா வழியாகக் கேமரன் மலைக்குப் போனோம். போட்டி எல்லாம் அவர் மறந்தேவிட்டார், வேகமாகக்கூட ஓட்டவில்லை. வலது வளைவு ஒவ்வொன்றாக வந்தது, போனது. கதவோரம் ஒரு சத்தம்கூட இல்லை. தானா ராத்தாவில் ஒரு கடையில் உட்கார்ந்து தேத்தண்ணி குடித்தோம். பனி இறங்க ஆரம்பித்தது. அப்பா தெருவைப் பார்த்துக்கொண்டே, "இன்னிக்கு இங்கயே தங்கிட்டு நாளைக்கு எறங்கலாமா? நாம எங்கயும் தங்குனதே இல்ல" என்றார்.

திங்கட்கிழமை எட்டு ரவிக்கை கொடுக்க வேண்டும், வெட்டக்கூட இல்லை. உள்ளதைச் சொன்னேன். "எங்கங்க முடியும்? தைக்கிற வேலை அப்படியே கெடக்கு."

"சரி, போலாம்" என்றார்.

அதற்கப்புறம் அவர் இரண்டு வருடம்தான் இருந்தார். அந்த எட்டு ரவிக்கையும் யாருடையவை என்று யோசித்து யோசித்துப் பார்க்கிறேன், ஒருத்தி முகம்கூட ஞாபகத்துக்கு வரவில்லை. அப்பா எழுந்து, என் கோப்பையில் நான் மீதி வைத்திருந்த தேத்தண்ணியை நின்றபடியே குடித்துவிட்டு, எனக்கு முன்னால் பனிக்குள் இறங்கி நடந்தது மட்டும் அப்படியே இருக்கிறது.

அம்மா